நிப்பை யாரு செஞ்சா?

எனக்கு ஒரு வியாதி இருக்கு மக்களே. பழகுற ஆட்களிடம் எல்லாம் ஒரு இங்க் பேனாவைத் திணிக்கிறது. நாள் முழுக்கப் பொட்டி தட்டுற பொழப்பில் பேனாவுக்கு என்ன வேலைன்னு கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஆனாலும் மூணு வருஷத்தில் ஆபீஸிலும் வெளியிலுமாக ஒன்பது பேரை மாத்திட்டேன். அதில் ஆறு பேர் இன்னும் மை ஊத்தி எழுதிக்கிட்டு இருக்காங்க. ரெண்டு பேர் பேனாவைத் தொலைச்சுட்டாங்க. ஒருத்தர் மட்டும் ஒரு வெள்ளைச் சட்டையின் விலையை என் கணக்கில் எழுதி வெச்சிருக்கார். ஆறு பேரில் ஒருத்தர் எங்க டேமேஜர். மீட்டிங்கில் பச்சை மையில்தான் குறிப்பெடுப்பார். பச்சை மை கெஜட்டட் ஆபீசருக்கு உள்ளதுன்னு இதுவரை யாரும் அவரிடம் சொல்லலை. அப்ரைசல் முடியட்டும்னு இருக்கோம் :)

ஆள் பிடிக்கிற வித்தை ஒண்ணும் பெரிசில்லை. முதல் பேனா விலை குறைச்சலா இருக்கணும், தொலைஞ்சாலும் நெஞ்சு அடைக்கக் கூடாது. அடுத்தது தாள். பிரிண்டர் தாளில் மை பரவும், முதல் எழுத்திலேயே ஆள் வெறுத்துப் போயிடுவார். கொஞ்சம் வழவழப்பான நோட்டு வேணும். அப்புறம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய ஒரே மந்திரம்: அழுத்தாதே. பால்பாயிண்டில் பழகின கை தாளை உழும். அதில் இருக்கிறது எண்ணெய்ப் பசை மாதிரி மை. முனையில் இருக்கிற குண்டு உருண்டால்தான் அது வெளியே வரும், உருள வைக்க அழுத்தணும். இங்க் பேனா மை கிட்டத்தட்ட தண்ணி. நிப்பு தாளைத் தொட்டாலே போதும், தாளே இழுத்துக்கும். இது மூளைக்கு ஒரு நிமிஷத்தில் புரியும். கைக்குப் புரிய ஒரு வாரம் ஆகும்.

இதெல்லாம் முடிஞ்சதும் கடைசி ஆயுதமா ஒரு கதையை எடுத்து விடுவேன். 1880களில் நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன்னு ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். பெரிய பாலிசி ஒண்ணு மாட்டுது. கையெழுத்துப் போட வாடிக்கையாளரிடம் பேனாவை நீட்டுறார். பேனா மையைக் கக்கி பத்திரம் நாசம். வேற பத்திரம் எடுத்துட்டு வர்றதுக்குள்ளே போட்டி ஏஜென்ட் பாலிசியைத் தட்டிக்கிட்டுப் போயிடறான். அந்தக் கோபத்தில் மனுஷன் உட்கார்ந்து ஒழுகாத பேனாவைக் கண்டுபிடிச்சுட்டார். நம்ம படங்களில் இன்டர்வெல் வர்ற இடம் மாதிரி இருக்கும். ஒன்பது பேரும் இந்தக் கதையில்தான் விழுந்தாங்க.

பத்தாவது ஆள் விழலை.

போன வருஷம் எங்க டீமில் சேர்ந்த பையன். ஒரு நாள் சாயங்காலம் கான்டீனில் வெச்சு அவனிடம் பேனாவைக் கொடுத்துக் கதையையும் சொன்னேன். அவன் பேனாவின் உடம்பைப் பார்க்கவே இல்லை. மூடியைக் கழட்டி நிப்பை மட்டும் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பார்த்தான்.

"கதை நல்லாத்தான் இருக்குண்ணே. நிப்பை யாரு செஞ்சா?"

"வாட்டர்மேன்தான்."

"அவரு பேனா செஞ்சாரு. நிப்பு?"

முழிச்சேன். "உனக்கு எந்த ஊருப்பா?"ன்னு பேச்சை மாத்தினேன். சாத்தூர்னான். நான் உடனே உற்சாகமா "காராச்சேவு!"ன்னேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆச்சு.

"எல்லாரும் அதைத்தான் சொல்லுதீங்க. எங்க ஆச்சி நிப்பு வேலை பார்த்தவங்க." மூடியைப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துட்டான். "எனக்கு இது வேணாம்ண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க."

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ஆணி போக மிச்ச நேரத்தில் எல்லாம் நான் படிச்சது நிப்பைப் பத்தித்தான். படிச்சதில் முதலில் உடைஞ்சது என் இன்டர்வெல் கதை. வாட்டர்மேனின் பேடண்ட் நிஜம், 1884 பிப்ரவரி 12-ஆம் தேதி. ஆனா அந்தக் கொட்டின மைக் கதை அவர் 1901-ல் இறந்து போன பிறகுதான் அச்சில் தலைகாட்டுது, அதுவும் கம்பெனி விளம்பரக் கணக்கில். பேனா வரலாற்றை நோண்டுறவங்க பழைய செய்தித்தாள்களையும் வழக்குக் காகிதங்களையும் புரட்டிக் கண்டுபிடிச்சது வேற கதை: பிராங்க் ஹாலண்ட்னு ஒருத்தர் ஆரம்பிச்சு சில வாரங்களில் கைவிட்ட பேனா வியாபாரத்தைத்தான் வாட்டர்மேன் எடுத்து நடத்தினார், அதில் தன்னுடைய திருத்தத்தைச் சேர்த்தார். ஒன்பது பேருக்கு நான் சொன்னது ஒரு கம்பெனி விளம்பரம். சம்பளம் வாங்காமல் வேலை பார்த்திருக்கேன்.

அந்தத் திருத்தம் சின்ன விஷயம் இல்லை, அதையும் சொல்லிடணும். நிப்புக்கு அடியில் ஒட்டிக்கிட்டு ஒரு கறுப்புக் கட்டை இருக்கே, அதுதான் பேனாவின் மூளை. மை வெளியே போகணும்னா அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரணும். காற்று வரலைன்னா எழுதாது. அதிகமா வந்தா கொட்டும். வாட்டர்மேன் அந்தக் கட்டையின் வாய்க்காலுக்குள் முடி மாதிரி மெல்லிய பிளவுகளைப் போட்டார். மெல்லிய பிளவில் திரவம் தானே ஏறி ஊர்ந்து வரும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுற மாதிரி. மை அந்தப் பிளவு வழியா இறங்கும், மேலே வாய்க்கால் வழியா காற்று போகும். எழுத எழுதத்தான் இறங்கும். பின்னாடி வந்தவங்க கட்டையில் சீப்பு மாதிரி பல் வெட்டினாங்க. கை சூட்டில் உள்ளே இருக்கிற காற்று விரிஞ்சு கூடுதல் மையைத் தள்ளினால், அந்தப் பல் இடுக்கில் தங்கிக்கும். நம்ம பாஷையில் சொன்னா பஃபர்.

ஆனா இது எல்லாம் கட்டையின் கதை. நிப்பு? ஆரம்பத்தில் வாட்டர்மேன் தங்க நிப்புகளை, அதை மட்டுமே தொழிலா செய்த பட்டறைகளிடம் வாங்கித்தான் மாட்டினார். அவன் கேட்ட கேள்வி சரி. பேனாவில் ஒரு பேர் இருக்கும், நிப்பு செஞ்ச கைக்குப் பேர் இருக்காது.

அந்தக் கையைத் தேடிப் போனால் ரயில் பர்மிங்காமில் நிக்குது. தொட்டு எழுதுகிற எஃகு நிப்பு அங்கே 1820களிலிருந்து பெரிய தொழிலா வளர்ந்தது. அதுவரைக்கும் வாத்து இறகைச் சீவிச் சீவி எழுதின ஐரோப்பாவுக்கு இது பெரிய விடுதலை. ஜோசப் ஜில்லட், ஜோசையா மேசன்னு ரெண்டு பெரும் முதலாளிகள். ஜில்லட் நிப்பு விற்ற காசில் டர்னர் ஓவியங்களை வாங்கிக் குவிச்சார். மேசன் நிப்பு விற்ற காசில் ஒரு அறிவியல் கல்லூரி கட்டினார், 1880-ல் திறந்த அதுதான் பின்னாடி பர்மிங்காம் பல்கலைக்கழகம் ஆச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்தில் எழுதப்பட்டதில் பெரும்பகுதி அந்த ஒரு ஊரின் நிப்பால் எழுதப்பட்டதுன்னு அந்த ஊர்க்காரங்க பெருமையா சொல்லுவாங்க.

அந்தப் பட்டறைகளில் வேலை பார்த்தவங்களில் மிகப் பெரும்பான்மை பெண்களும் சிறுமிகளும். வரிசையா கையால் சுழற்றுற பிரஸ் மிஷின். ஒருத்தி எஃகுப் பட்டையை நிப்பு வடிவத்துக்கு வெட்டுவாள். அடுத்தவள் நடுவில் ஓட்டை போடுவாள். அடுத்தவள் பேரைப் பொறிப்பாள். அடுத்தவள் தட்டையா இருக்கிறதை வளைப்பாள். ஆண்கள் அதை உலையில் போட்டுப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக்குவாங்க. திரும்பப் பெண்களிடம் வந்து முனையைத் தேய்க்கணும், கடைசியில் நடுவில் பிளவு வெட்டணும். இந்தப் பிளவுதான் உயிர். ஒரு மயிரிழை நகர்ந்து போனால் ஒரு கால் தடியா, ஒரு கால் மெலிசா ஆகி எழுதும்போது கிறீச்சிடும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் இதே ஒரு அசைவைச் செய்யணும். பல்கலைக்கழகத்தில் மேசன் பேர் இருக்கு. சாதாரணமா தேடினால் பிளவு வெட்டினவங்க ஒருத்தர் பேரும் கிடைக்கலை.

ஊற்றுப்பேனா வந்தப்ப இந்த எஃகு நிப்பு அதுக்கு ஆகலை. தொட்டு எழுதுறதுன்னா எழுதிட்டுத் துடைச்சு வெக்கலாம். ஊற்றுப்பேனாவில் நிப்பு நாள் முழுக்க மையிலேயே ஊறிக் கிடக்கும். அந்தக் காலத்து மையில் அமிலம் உண்டு, எஃகைத் தின்னுடும். அதனால்தான் தங்கம். பகட்டுக்கு இல்லை, அரிக்காதுங்கிறதுக்கு. ஆனா தங்கம் மெத்து, தாளில் தேய்ஞ்சு போகும். அதனால் முனையில் மட்டும் ஒரு கடுகுத் துண்டு கடின உலோகம், இரிடியமும் ஆஸ்மியமும் கலந்தது. 1925-ல் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியாத் தீவில் ஆடம்ஸ்ஃபீல்டுங்கிற இடத்தில் இந்த உலோகத்தைத் தேடிக் கூட்டம் அலைமோதியிருக்கு. தங்க வேட்டை மாதிரி நிப்பு முனை வேட்டை! காட்டுக்குள்ளே ஒரு ஊரே முளைச்சிருக்கு. (இப்ப நிப்பில் இரிடியம்னு எழுதியிருந்தால் அது பேருக்குத்தான், வேற கடின உலோகங்கள்தான் முனையில் இருக்கும்.) பிறகு துருப்பிடிக்காத எஃகு வந்து நிப்பு விலை இறங்கினதும்தான் ஊற்றுப்பேனா சாமானியர் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்தது.

நம்ம ஊருக்கு அது முதலில் துரை சாமான்தான். அதை மாத்தினதில் ராஜமுந்திரிக்குப் பெரிய பங்கு. கே.வி. ரத்னம்னு ஒருத்தர். வெளிநாட்டுப் பொருளை விட்டுட்டு ஏதாவது உள்நாட்டில் செய்துகாட்டுன்னு காந்தி சொன்னதை எடுத்துக்கிட்டு 1932-ல் பேனா செய்ய ஆரம்பிச்சார். முதலில் அனுப்பின பேனாவில் வெளிநாட்டுப் பாகம் இருந்ததால் காந்தி ஏத்துக்கலைன்னு ஒரு கதை காலம் காலமா சொல்லப்பட்டு வருது. வாட்டர்மேனிடம் சூடு பட்ட பூனை நான், இதைக் கதைன்னே வெச்சுக்கறேன். ஆனா அடுத்தது கதை இல்லை, கடிதம். 1935 ஜூலை 16-ஆம் தேதி வார்தாவிலிருந்து காந்தி ரத்னத்துக்கு எழுதியிருக்கார். குமரப்பா மூலம் அனுப்பின பேனா கிடைச்சது, எழுதிப் பார்த்தேன், கடைகளில் காணும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்றாகத் தெரியுது என்கிற மாதிரி நாலு வரி. காந்தி சர்ட்டிபிகேட் கொடுக்கிற விதமே தனி. ஆகா ஓகோ எல்லாம் கிடையாது. எழுதிப் பார்த்தேன், பரவாயில்லை.

அந்தக் குமரப்பா யார்னா நம்ம தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை, அமெரிக்காவில் பொருளாதாரம் படிச்சுட்டு வந்து, கோட்டு சூட்டைக் கழட்டிப் போட்டு, 1934 கடைசியில் ஆரம்பிச்ச அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினவர். ஒரு பொருளைப் பார்த்தால் அதோட விலையை விட, அந்தக் காசு யார் கைக்குப் போகுதுங்கிறதைத்தான் பார்க்கணும்னு வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனுஷன். என் டீம் பையன் கான்டீனில் கேட்ட கேள்வியும் அதுதான். ரெண்டு பேரும் தெற்கத்திக்காரங்க, அதனால் இருக்குமோ என்னவோ.

அதே காலத்தில் வங்காளத்தில் மைத்ரா சகோதரர்கள் 1934-ல் சுலேகா மையை ஆரம்பிச்சாங்க. சென்னையில் பாரிமுனைப் பக்கம் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் ஜெம் அண்ட் கோ 1920களிலிருந்து பேனாக் கடை. போனால் இன்னும் கறுப்பு எபோனைட் பேனாவைக் கையில் கொடுத்து எழுதிப் பார்க்கச் சொல்லுவாங்க. எபோனைட்ங்கிறது ரப்பரில் கந்தகத்தைக் கொட்டிக் காய்ச்சினது. கடைசல் மிஷினில் அதைக் கடையும்போது வர்ற வாசனை மூக்கில் ஏறினால் போகாது. நம்மூர்க் கட்டைப் பேனா எல்லாம் இதுதான். உள்ளே டியூப் கிடையாது, ஃபில்லரில் மையை எடுத்து நேரா வயித்துக்குள்ளே ஊத்தணும். மை பாதிக்குக் கீழே போனதும் கை சூட்டுக்கு ஒரு சொட்டு கக்கும். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொட்டுக்குச் சாக்பீஸ்தான் மருந்து. நாலாப்பில் டீச்சர் வெச்ச சாக்பீஸ் டப்பாவில் முக்கால்வாசி நீலமா இருந்தது எங்க கிளாஸ் புண்ணியம். ஹீரோ பேனா வெச்சிருந்தவன் மட்டும் தனி ஜாதி. ஷாங்காயிலிருந்து வந்த அந்த ஹீரோ 616-க்கு அசல் அமெரிக்க பார்க்கர் 51-ன்னு இன்ஜினியரிங் முடிச்ச பிறகுதான் தெரிஞ்சுது.

சரி, சாத்தூர். பையனிடம் திரும்பப் போய், நீ கேட்டது சரிதான்ப்பான்னு பர்மிங்காம் கதையைச் சொன்னேன். டீக்கடையில் வெச்சுத்தான். முழுசாக் கேட்டுட்டு, "அதேதாண்ணே. அங்க வெள்ளைக்காரி, இங்க எங்க ஆச்சி"ன்னான். அப்புறம்தான் வாய் திறந்தான்.

சாத்தூரில் பேனா நிப்பு ஒரு காலத்தில் குடிசைத் தொழில். இந்தியா முழுக்கப் போயிருக்கு. மூடியில் எந்தக் கம்பெனி பேர் இருந்தாலும், உள்ளே மாட்டியிருந்தது சாத்தூர் நிப்பா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பட்டறையில் தகட்டைப் பட்டையா அறுக்கிறது, பிரஸ்ஸில் வெட்டுறது, ஓட்டை, வளைப்பு, பிளவு, தேய்ப்பு, கடைசியில் தங்க நிறத்துக்கு முலாம். கணக்கு குரோஸ் கணக்கு, அதாவது பன்னிரண்டு டஜன், 144. கூலியும் அதே கணக்கில். அவங்க ஆச்சி பார்த்தது தேய்க்கிறதும் தரம் பிரிக்கிறதும். கண்ணாடி கிடையாது, லென்ஸ் கிடையாது. கட்டை விரல் நகத்து மேல் நிப்பை வெச்சு ஒரு இழுப்பு. நகத்தில் கீறினால் ஒதுக்கு, வழுக்கினால் டப்பாவுக்குள்ளே. "ஆச்சி நகத்துல கோடு கோடா இருக்கும்ண்ணே. சின்னப்பிள்ளையில நான் அதை எண்ணுவேன்."

அப்புறம் வேலை குறைஞ்சது. ஒரே நாளில் இல்லை. ஆர்டர் வாராவாரம் வந்தது மாசத்துக்கு ஒண்ணாச்சு, அப்புறம் ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும்போது மட்டும்னு ஆச்சு. ஆச்சி தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனாங்க.

இங்கேதான் எனக்குச் சங்கடம். மூணு வருஷமா நான் பால்பாயிண்டை வில்லனாக்கித்தான் ஆள் பிடிச்சேன். அதோட கதையையும் ஒழுங்காப் படிச்சேன். ஹங்கேரியில் லாஸ்லோ பீரோங்கிற பத்திரிகைக்காரர். அச்சு மை சட்டுன்னு காயுதே, அதைப் பேனாவில் போட்டால் என்னன்னு யோசிச்சார். மை கெட்டி, நிப்பில் இறங்காது. முனையில் ஒரு குண்டை வெச்சார். மைக்குப் பக்குவம் சொன்னது வேதியியல் தெரிஞ்ச அவர் சகோதரர். 1938-ல் பேடண்ட். யூதர், நாஜிகளுக்குத் தப்பி அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தார். ஆகாயத்தில் ஊற்றுப்பேனா ஒழுகும், இது ஒழுகாதுங்கிறதால் இங்கிலாந்து விமானப்படை 30,000 வாங்கியிருக்கு. 1945 அக்டோபர் 29-ஆம் தேதி நியூயார்க்கில் மில்டன் ரெனால்ட்ஸ்ங்கிற வியாபாரி, பீரோவின் பேடண்டைச் சுத்திக்கிட்டுப் போய்த் தன் பேனாவைக் கடைக்குக் கொண்டுவந்தார். விலை 12.50 டாலர், கூட்டம் முண்டியடிச்சது. 1950-ல் பிரான்சில் பிக் கம்பெனி அதைத் தூக்கிப்போடுற விலைக்குக் கொண்டுவந்தது. 1980களில் சென்னையில் ஜி.எம். பென்ஸ் தயாரிச்ச வெள்ளை உடம்பு, நீலமூடி ரெனால்ட்ஸ் 045 வந்தது. அந்த மூடியைக் கடிச்சே வளர்ந்தவன் நான்.

இதில் யார் வில்லன்? கண்டக்டருக்கு, போஸ்ட்மேனுக்கு, ரேஷன் கடையில் கார்பன் வெச்சு பில் எழுதுறவருக்கு இங்க் பேனா உதவாது. மை பாட்டில் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு ரீஃபில் பேனா ஒரு வரம். சட்டையும் தப்பிச்சுது. நான் அழகுன்னு கொண்டாடுறதை என் அம்மா துவைக்கிற கல்லில் வெச்சுத் தேய்ச்சிருக்காங்க. அந்தப் பக்கம் சாத்தூரில் அதே ரீஃபில் பேனா ஒரு தெருவையே தீப்பெட்டிக்கு அனுப்பியிருக்கு. ரெண்டும் நிஜம். ஒன்பது பேருக்கும் சொன்ன மாதிரி இனிமேல் என்னால் கதை சொல்ல முடியாது.

இதைவிட உறுத்தினது இன்னொண்ணு. இப்ப இங்க் பேனாவுக்கு மறுபடியும் ஒரு மவுசு. சென்னையிலும் திருவள்ளூரிலும் கையால் கடைஞ்ச எபோனைட் பேனாக்கள் உலகம் முழுக்கப் போகுது. எனக்குப் பெருமைதான், என்னிடமும் ரெண்டு இருக்கு. ஆனா ஆர்டர் செய்யும்போது ஒரு கேள்வி வரும்: எந்த நிப்பு வேணும்? பெர்லினிலிருந்து வர்ற ஜோவோவா, ஹைடல்பெர்க்கிலிருந்து வர்ற போக்கா, ஷ்மிட்டா? டெல்லிப் பக்கம் கான்ரைட் மாதிரி சிலர் இங்கேயே செய்யறாங்க. ஆனா கூடக் காசு கொடுக்கிறவன் ஜெர்மன் நிப்பைத்தான் கேட்பான். நானும் அதைத்தான் கேட்டேன். நான் அந்தப் பையனிடம் கான்டீனில் பெருமையா நீட்டின "நம்மூர்ப் பேனா"வில் இருந்ததும் அதுதான். அவன் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பார்த்தப்ப அவன் கண்ணில் பட்டது அந்த ஊர்ப் பேர். குமரப்பா கையில் அந்தப் பேனாவைக் கொடுத்திருந்தால் அவரும் திருப்பிக் கொடுத்திருப்பார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்தவன் என் மேஜையில் ஒரு பழைய பவுடர் டப்பாவை வெச்சான். ஆட்டினால் சலசலன்னு சத்தம். உள்ளே முப்பது நாப்பது நிப்பு, முலாம் பாதி போய், சிலது கறுத்து. ஆச்சி பெட்டியில் கிடந்ததாம். ஆச்சி இப்ப இல்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். என் கட்டைப் பேனாவிலிருந்து ஜெர்மன்காரனை உருவி எடுத்துட்டு, டப்பாவிலிருந்து அளவு சேர்ற ஒண்ணைத் தேடி, கழுவி, மாட்டினேன். பேனாவை அவனிடம் கொடுத்தேன், இந்தத் தடவை கதை எதுவும் சொல்லலை. அவன் அழுத்தலை. யாரும் சொல்லிக் கொடுக்காமலே அழுத்தலை. நோட்டில் ஊர்ப் பேரை எழுத ஆரம்பிச்சான். 'சா' வரைக்கும் வந்தது, 'த்'தில் தாளைக் கிழிச்சுது. நிப்பைக் கழட்டித் துடைச்சு, கட்டை விரல் நகத்தில் வெச்சு மெதுவா இழுத்தான். வெள்ளையா ஒரு கோடு விழுந்தது. சிரிச்சான்.

"இது எல்லாம் ஒதுக்கி வெச்சதுண்ணே. நல்லதை எல்லாம் அன்னைக்கே வித்துட்டாங்க."

டப்பாவைக் கவிழ்த்து அடுத்த நிப்பைத் தேட ஆரம்பிச்சோம்.